மேட்ச்லெஸ், யெஸ்டி, இம்பல்ஸ்: எதை எடுப்பது?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். சிப்காட்டில் வேலை, வயது 34. டிரையல் (பாறை, ஓடை மேல் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டி), மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண் தடத்தில் ஓட்டும் பந்தயம்) வண்டிகள் மேல் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கையில் 3 லட்ச ரூபாய் இருக்கிறது. அரிய, பழைய ஆஃப்-ரோடு பைக்குகளைச் சேகரிக்கத் தொடங்கலாம் என்று ஆசை. இப்போது மூன்று வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. பண்ருட்டி அருகே ஒரு முந்திரிக் கொட்டகையில் மேட்ச்லெஸ் 350, யுத்தகால மிலிட்டரி வண்டி என்கிறார்கள். ஆர்.சி. புக் இல்லை, டேங்க் புல்லட்டுடையது. தாத்தா காலத்து வண்டி என்று பேரன் 1,40,000 கேட்கிறார். இரண்டாவது, புதுச்சேரி பதிவெண் கொண்ட யெஸ்டி. பின்பக்கச் சேஸிஸை வெட்டி, சைலன்சரை மேலே தூக்கி ஸ்கிராம்ப்ளராக, அதாவது மண்சாலை வண்டியாக, மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அட்டகாசம், 1,10,000. மூன்றாவது, 2012 ஹீரோ இம்பல்ஸ், கடலூர் நம்பர், புக் எல்லாம் சரி, 65,000. வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய யமஹா டிடி-1 அல்லது ஸ்பெயின் நாட்டுப் பல்டாக்கோ இறக்குமதி செய்ய முடியுமா என்றும் யோசிக்கிறேன். என் மனைவி, ‘கடலோர வீட்டில் இரும்பு கேட்டே தாங்கவில்லை, பழைய வண்டி எப்படித் தாங்கும்?’ என்கிறார். வழிகாட்டுங்கள்.

பதில்:

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்பல்ஸை வாங்குங்கள். யெஸ்டியை விட்டுவிடுங்கள். மேட்ச்லெஸுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் அதைக் கைவிடவும் வேண்டாம். புதுச்சேரியில் பட்டறை வைத்துப் பழைய வண்டிகளைச் சரிசெய்வதுதான் என் தொழில். உங்களைப் போன்ற ஆசையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தவறான முதல் வண்டியை வாங்கி, அதிலேயே பணமும் மனசும் தீர்ந்து ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அது நடக்கக்கூடாது என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

சாலையில் ஓடிய வண்டியைவிட மண்ணில் ஓடிய வண்டி ஏன் அரிது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ரோடு வண்டியை அப்பா துடைத்து வைத்து மகனிடம் கொடுத்திருப்பார். மண்ணில் ஓட்டியவர் விழுந்திருப்பார், வளைந்த ஃபோர்க்கைக் கழற்றி வேறு மாட்டியிருப்பார், எடை குறைய மட்கார்டை அறுத்திருப்பார், இன்ஜின் போனதும் வேறு இன்ஜினைத் தூக்கி வைத்திருப்பார். கடைசியில் மிச்சம் காயலான் கடைக்குப் போயிருக்கும். அதனால் இந்த வகை வண்டியில் நீங்கள் தேட வேண்டியது மூன்றுதான்: வெட்டுப்படாத சேஸிஸ், அதில் கம்பெனி அடித்த நம்பர், அந்த நம்பருக்கு ஒத்துப்போகும் புக். பிஸ்டன் செய்யலாம், சீட் தைக்கலாம், ஸ்போக் கட்டலாம். இந்த மூன்றையும் யாராலும் செய்துதர முடியாது. செய்துதருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது போலீஸ் கேஸ்.

நம் நாட்டில் தொழிற்சாலையிலிருந்தே மண்சாலை வண்டியாக வந்தது மிகக் குறைவு. ஆனால் நம்மிடம் ஓடிய சாதாரண வண்டிகளின் வம்சம் சாதாரணமானதல்ல. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கியது, அப்போது விற்பனைக்கே வராத ராயல் என்ஃபீல்டு புல்லட். 1952-ல் ஜானி பிரிட்டன் அதே புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை வென்றார். பிறகு 1955-லிருந்து நம் திருவொற்றியூரில் அந்த வண்டி உருவானது. மைசூர் ஐடியல் ஜாவாவில் 1961-லிருந்து வந்த ஜாவா, 1973-க்குப் பிறகு யெஸ்டி என்ற பெயரில் ஓடி 1996-ல் நின்றது. அதன் செக் நாட்டு உறவான சிஇஸட் வண்டியில்தான் ஜோயல் ராபர்ட் 1964-ல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். பால் ஃபிரீட்ரிக்ஸ் 1966, 67, 68 என்று மூன்று வருடம் தொடர்ந்து 500 சிசி பட்டத்தைத் தட்டினார். எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 175, போலந்தின் எஸ்எச்எல் வண்டி. பால் கேன் கட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் அது போன தூரத்துக்குக் கணக்கே இல்லை. நீங்கள் சேகரிக்க நினைக்கும் வரலாறு நம் ஊர்க் கொட்டகைகளிலேயே கிடக்கிறது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

இப்போது மேட்ச்லெஸுக்கு வருவோம்.

‘வார் பைக்’ என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். இரண்டாம் உலகப் போருக்காக பிஎஸ்ஏ எம்20 மட்டுமே சுமார் 1,26,000 செய்தார்கள். மேட்ச்லெஸ் ஜி3, ஜி3எல் இரண்டும் சேர்ந்து 80,000 அளவில் வந்தன. போர் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளியவை ஏராளம், அப்படி வந்தவைதான் நம் பக்கமும் ஓடின. ஆகவே பழையது என்பது உண்மை, அரியது என்பது பொருந்தாது. ஆனாலும் இந்த ஜி3எல் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1941-ல் வந்த இந்த 347 சிசி வண்டியில்தான் பிரிட்டிஷ் ராணுவம் குழாய்க்குள் குழாய் இறங்கி அதிர்வைத் தாங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பார்த்தது. அதுவரை முன்னால் ஒற்றை ஸ்பிரிங்கோடு கம்பிச் சட்டமாக நிற்கும் கர்டர் ஃபோர்க்தான். சேற்றிலும் பள்ளத்திலும் கைப்பிடி உதறாமல் போன வண்டி என்பதால் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வீரர்கள் இதைத்தான் விரும்பினார்கள். போருக்குப் பிறகு மேட்ச்லெஸ் டிரையல் வண்டிகளும், அதே கம்பெனி ஏஜேஎஸ் என்ற பெயரில் விட்ட டிரையல் வண்டிகளும் இதன் வழியில்தான் வந்தன. 1961 ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையலில் கார்டன் ஜாக்சன் ஏஜேஎஸ் 350-ல் ஆறு நாளும் சேர்த்து ஒரே ஒரு மார்க்கைத்தான் இழந்தார். பாறை மேலும் ஓடைக்குள்ளும் ஏறி இறங்கும்போது ஒரு தடவை கால் தரையில் பட்டால் ஒரு மார்க் போகும். ஆறு நாளில் ஒரு தடவை மட்டும்! அந்தச் சாதனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எனவே பண்ருட்டி வண்டியை ஒழுங்காகப் பரிசோதிப்போம். மண்ணெண்ணெய் நனைத்த துணி, மெல்லிய வெள்ளைத்தாள், மென்மையான பென்சில், டார்ச், இவ்வளவும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்ஜின் கேஸிலும் சேஸிஸ் லக்கிலும் (குழாய்கள் சேரும் வார்ப்பு முனை) நம்பர் அடித்த இடத்தை அழுக்கு போகத் துடையுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் ஓரங்கள் நிழலோடு தெரியும். அந்தக் காலத்தில் கையால்தான் பஞ்ச் அடித்தார்கள், அதனால் எழுத்து ஒன்றிரண்டு கோணலாக இருப்பது பொய்க்கு அடையாளம் அல்ல. பார்க்க வேண்டியது எழுத்துக்கு அடியில் உள்ள பரப்பை. வார்ப்பில் இயல்பாக வரும் மணல் சொரசொரப்பு நம்பரைச் சுற்றித் தொடர்ந்து வருகிறதா, அல்லது நம்பர் இருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் வைத்ததுபோல் வழவழப்பாக, லேசாகப் பள்ளமாக இருக்கிறதா? இரண்டாவது என்றால் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். முதலாவது என்றால் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்கிற அதே வேலைதான். இங்கிலாந்தில் ஏஜேஎஸ், மேட்ச்லெஸ் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. நம்பரைக் கொடுத்தால் எந்த ஆண்டு வண்டி என்று சொல்வார்கள். டேங்கிலிருந்து கேஸ்கெட் வரை உதிரி பாகத்துக்கும் வழி உண்டு. ராணுவ வண்டியா, போருக்குப் பின் வந்த சிவில் வண்டியா என்பதும் அதில் தெளிந்துவிடும்.

அடுத்தது காகிதம். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். புதிதாகப் பதிகிற வண்டிக்கு ‘விஏ’ எழுத்தோடு நம்பர் வரும். தினசரி ஓட்டவோ தொழிலுக்கோ கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று மட்டும் சாலைக்கு வரலாம். இதைச் சொல்லித்தான் ‘புக் இல்லாட்டி என்ன சார், விண்டேஜ்ல பதிஞ்சுக்கலாம்’ என்று புரோக்கர்கள் கதைவிடுகிறார்கள். விண்ணப்பத்தோடு என்ன கேட்கிறார்கள் தெரியுமா? இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சீட்டு, இங்கே ஏற்கெனவே ஓடிய வண்டி என்றால் பழைய ஆர்.சி. புக். இரண்டும் இல்லாத வண்டிக்கு அந்தக் கதவு திறக்காது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும்.

அந்தப் பேரனிடம் உட்கார்ந்து பேசுங்கள். வண்டியில் பழைய நம்பர் பிளேட் இருக்கிறதா? 1989-க்கு முந்தைய, மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட நம்பராக இருக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய வரிச் சீட்டு, இன்சூரன்ஸ் தாள், வண்டி மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோ எதாவது கிடைக்கிறதா? நம்பர் தெரிந்தால் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தரச்சொல்லி மனு கொடுக்கலாம். தென்னாற்காடு மாவட்டம் 1993-ல்தான் பிரிந்தது, அதனால் விழுப்புரத்திலும் ஒரு மனு போடுங்கள். பதிவு கிடைத்துவிட்டால் வழி நேராகிவிடும். புக் தொலைந்ததற்குப் போலீஸில் புகார் ரசீது வாங்கி, படிவம் 26-ல் நகல் ஆர்.சி.; உரிமையாளர் காலமாகிவிட்டதால் வாரிசுச் சான்றோடு படிவம் 31-ல் பேரன் பெயருக்கு மாற்றம்; அப்புறம்தான் உங்களுக்கு விற்பனை. இதையெல்லாம் அவர் பெயரில் அவர்தான் முடிக்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், அலைய நீங்கள் கூட வரலாம். பணம் மட்டும் காகிதம் வந்த பிறகு. பதிவேடு கிடைக்கவே இல்லை என்றால் அது வீட்டில் அழகுக்கு நிறுத்தும் பொருள். அந்த விலைதான் அதற்கு, 1,40,000 அல்ல.

யெஸ்டிக்கு வருகிறேன். உங்கள் மனம் அதில்தான் ஒட்டியிருக்கிறது என்று ‘அட்டகாசம்’ என்ற சொல்லிலேயே தெரிகிறது. அதனால் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்பக்கச் சேஸிஸை வெட்டி வளைத்த குழாய் (லூப்) வைத்து வெல்டு பண்ணியிருக்கிறார்கள் என்றால், ஷாக் அப்சார்பர் மேல் முனை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்த வெல்டு வரும். மண்ணில் குதிக்கும்போது மொத்த அடியும் விழும் இடம் அது. மெல்லிய குழாயைச் சாதாரண ஆர்க் வெல்டில் பற்றவைத்தால், வெல்டு உடையாவிட்டாலும் அதை ஒட்டிய குழாய் சூட்டில் பலமிழந்து மயிரிழையாகக் கீறும். பெயின்ட் அதை மறைத்துவிடும். அப்புறம் சைலன்சர். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குச் சைலன்சர் என்பது புகை போகும் வழி மட்டும் இல்லை. வெளியே போன அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பிவந்து, புகை போகும் துளை (போர்ட்) மூடுமுன் தப்பிக்கப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளும். அதற்கேற்றபடி நீளமும் விட்டமும் கணக்குப்போட்டு வைத்தது அது. நேர்க்குழாயாக மேலே தூக்கிவிட்டால் சத்தம் வரும், இழுவை போகும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டு ஒரு கூம்பு ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயிலும் குறைவு. கேப்பர் மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் கொஞ்ச நேரம் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. அதுவும் இது புதுச்சேரி வண்டி. கடலூருக்குக் கொண்டுவர படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, 12 மாதத்துக்குள் இங்கே நம்பர் மாற்ற வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தும் இருக்க வேண்டும். ஆய்வாளர் வண்டியை நேரில் பார்க்காமல் எதுவும் நடக்காது. வெட்டின சேஸிஸைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார், அவர் செய்வது நியாயம். பாகூர் தாண்டினால் கடலூர்தானே என்று நினைக்காதீர்கள். புக்கைப் பொறுத்தவரை அது இன்னொரு மாநிலம்.

மாற்றிய வண்டி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்பு, நம் ஆட்கள் கையில் கிடைத்த புல்லட்டையும் யெஸ்டியையும் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டினார்கள். அப்படி ஒரு வண்டி, ஓட்டியவர் யார், எப்போது ஓட்டினார் என்பதற்குப் போட்டோவும் அத்தாட்சியும் சேர்ந்து உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து அதைக் கம்பெனி வடிவத்துக்குத் திருப்பாதீர்கள். அன்றைக்கு லேத்தில் கடைந்த ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள். அந்த மாற்றம்தான் அந்த வண்டியின் சரித்திரம். நீங்கள் பார்த்த யெஸ்டியோ போன வருடமோ அதற்கு முன்போ படம் எடுப்பதற்காக வெட்டப்பட்டது. வெட்டுப்படாத, மட்கார்டும் டூல் பாக்ஸும் புக்கும் உள்ள யெஸ்டி ரோட்கிங், ஓடாமல் கிடந்தால்கூட இதைவிட எத்தனையோ மடங்கு மேல். நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கிறது, தேடுங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 2022-ல் யெஸ்டி பெயரில் புதிதாக வந்த ஸ்கிராம்ப்ளர் வேறு வண்டி, அதன் பாகம் எதுவும் பழையதற்குச் சேராது.

இம்பல்ஸ் பற்றி நீண்டு எழுத எதுவுமில்லை, நல்ல வண்டி. ஹோண்டாவைப் பிரிந்த கையோடு 2011-ல் ஹீரோ விட்டது. பிரேசிலில் ஓடிய ஹோண்டா என்எக்ஸ்ஆர் 150 பிராஸின் அடிப்படையில் வந்த சேஸிஸ், முன்னால் 19 அங்குலச் சக்கரம், பின்னால் 17, உயரமான சஸ்பென்ஷன். அப்போது அதை வாங்க ஆள் இல்லை, சில வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் மலையில் ஓட்டி, விழுந்து, பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டார்கள். அசல் பிளாஸ்டிக்கோடு, அசல் ஸ்டிக்கரோடு இருக்கிற இம்பல்ஸை இப்போதே தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்ஜின் பாகத்துக்குக் கவலையில்லை, ஹீரோவின் ஹங்க் பைக் குடும்பம்தான். டேங்க் பக்கத்து மூடிகள், முன் மட்கார்டு, ஹெட்லைட் மூக்கு இவை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்; உடைந்தால் கிடைப்பது சிரமம். ஃபோர்க் ஆயில் கசிவையும், பின் சஸ்பென்ஷனில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். 2012 பதிவு 2027-ல் முடியும், புதுப்பிப்புச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இது விண்டேஜ் இல்லைதான். ஆனால் மண்ணில் ஓட்டக் கற்றுக்கொண்டால்தான் பழைய வண்டியை எதற்காக எப்படிச் செய்தார்கள் என்பது உடம்புக்குப் புரியும். நின்றபடி ஓட்டிப் பழகாதவருக்கு ஒரு டிரையல் வண்டியின் ஃபுட்ரெஸ்ட் ஏன் அவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது விளங்காது.

இறக்குமதி ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். டிடி-1 எனக்கும் கனவு வண்டிதான். 1968-ல் யமஹா அதை அமெரிக்காவில் விட்டபோது, வேலைக்கும் போகலாம், அதே வண்டியில் காட்டுக்கும் போகலாம் என்பதைச் சாதாரண மனிதன் வாங்கும் விலையில் காட்டியது. பல்டாக்கோ ஷெர்பா டி வரலாறு இன்னும் பெரியது: கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளே ஆண்ட டிரையல் உலகில், 1965-ல் சாமி மில்லர் இந்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக்கில் ஸ்காட்லாந்து டிரையலை வென்று ஆட்டத்தையே மாற்றிவிட்டார். ஆனால் பழைய வாகன இறக்குமதிக்கு விதி தனி, சுங்க வரி தனி, கப்பல் கூலி தனி. உங்கள் 3 லட்சம் அதில் கரைந்துவிடும். எப்போதாவது இறங்கினால், வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் அனுப்புவதற்கு முன்பே சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்கிற சுங்க முகவரிடம் அன்றைய விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘உள்ளே வந்த வண்டி, பில் மட்டும் தொலைந்துவிட்டது’ என்று இங்கேயே யாராவது காட்டினால், மேட்ச்லெஸுக்குச் சொன்னதுதான் அதற்கும்.

உங்கள் மனைவி கேட்டது மிகச் சரியான கேள்வி. தேவனாம்பட்டினம் உப்புக்காற்றுக்கு எந்த வண்டியும் தப்பாது, பழைய மோட்டோகிராஸ் வண்டிகள் இன்னும் மோசம். 1970-களில் எடை குறைக்க மெக்னீசியத்தில் வார்த்த இன்ஜின் மூடிகள் உப்பு பட்டால் வெண்பொடியாக உதிரும். வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள். ஈரம் உள்ளே நின்று வேர்க்கும். பருத்தித் துணி போதும். கடலைப் பார்த்த வராந்தா வேண்டாம், உள்ளறை. ஸ்போக், நட்டு, ஃபோர்க் ராடு எல்லாவற்றிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கட்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுக் கிக்கரை மெல்ல மிதித்துச் சுற்றுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் நிலையில் பிஸ்டனை நிறுத்துங்கள்.

பெட்ரோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்பட நின்றால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும், அங்கிருந்து துரு தொடங்கும். பழைய ரப்பர் சீலும் குழாயும் ஊதிப்போகும். ஸ்பெயின் நாட்டு வண்டிகளின் ஃபைபர்கிளாஸ் டேங்கை உள்ளிருந்தே இளக்கிவிடும். அதனால் ஓட்டி முடித்து நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். நீண்ட நாள் என்றால் டேங்கையே காலிசெய்து உள்ளே எண்ணெய் சுற்றி வையுங்கள்.

துருப்பிடித்த இரும்பு டேங்க் கையில் வந்தால் கல்லும் சங்கிலியும் போட்டுக் குலுக்குகிற வேலை வேண்டாம், மெல்லிய தகடு ஓட்டையாகும். தண்ணீரில் சலவை சோடா கரைத்து டேங்கை நிரப்புங்கள். மூடி வாயில் ஒரு இரும்புக் கம்பியை டேங்கில் எங்கும் படாமல் ரப்பர் வைத்துத் தொங்கவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அந்தக் கம்பிக்கும், நெகட்டிவை டேங்குக்கும் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் நுரை எழும்பும், டேங்கின் துரு இளகும், கம்பியில் காவிக் குழம்பு ஒட்டும். கம்பியை அவ்வப்போது வெளியே எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்ப இறக்குங்கள். வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது, சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். ஸ்டீல் பாத்திரக் கம்பி போடக்கூடாது, அதிலிருந்து நச்சு இறங்கும். முடிந்ததும் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் காட்டிவிடுங்கள். காலதாமதமானால் அன்று மாலையே மறுபடி சிவக்கும்.

நம் பக்கத்தில் வண்டி வாங்குகிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை, வெள்ளத்தில் முங்கிய வண்டி. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் என்று கடலூரும் புதுச்சேரியும் வாங்கிய அடியில் எத்தனையோ பழைய வண்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. வெளியே கழுவிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே ஒயர்க்கட்டுக்குப் பின்னால் விரல் விட்டுப் பாருங்கள், மாவு போன்ற நைஸ் வண்டல் ஒட்டும். சீட்டைத் திருப்பி ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். கியர் ஆயில் வடிகால் போல்ட்டைத் தளர்த்தி நாலு சொட்டு வாங்கிப் பாருங்கள். பாலும் டீயும் கலந்த நிறத்தில் வந்தால் பேரிங்குகள் துரு தின்றிருக்கும், கிராங்க் வரை பிரிக்க வேண்டும். இம்பல்ஸுக்கும் இதைச் செய்யுங்கள். மேட்ச்லெஸுக்குக் கட்டாயம், ஆற்றோரக் கொட்டகை என்றால் கண்டிப்பாக.

ஓட்டிப் பழக கேப்பர் மலைச் செம்மண்ணும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புப் பாதைகளும் போதும், தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். வீட்டுவாசலில் இருக்கிறதே என்று கடற்கரை மணலில் இறக்கிவிடாதீர்கள். உப்பு மணல் செயினையும் பேரிங்கையும் தின்னும் என்பது ஒரு பக்கம். வருடத் தொடக்க மாதங்களில் அங்கே ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன, டயர் ஏறினால் கூடு நசுங்கும்.

பணக் கணக்கு இதுதான். இம்பல்ஸுக்கு 65,000-க்குக் கீழே பேசி முடியுங்கள். ஒரு நல்ல சாக்கெட் செட், ஹெல்மெட், முட்டிக்காப்பு, பூட்ஸ் வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதியைத் தொடாதீர்கள். மேட்ச்லெஸ் பதிவேடு கிடைத்தால் அதற்கும், டேங்க் வரவழைக்கவும், இன்ஜின் வேலைக்கும் அந்தப் பணம்தான் உதவும். கிடைக்காவிட்டால் வெட்டாத ஒரு யெஸ்டிக்கு.

இம்பல்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அதன் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பைனான்ஸ் பாக்கி என்று காட்டினால் கம்பெனியின் என்.ஓ.சி. கையில் வந்த பிறகு பேசலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். மேட்ச்லெஸின் பென்சில் பிரதி இரண்டையும், டேங்கைக் கழற்றிய நிலையில் சேஸிஸின் முதுகுக் குழாய் தெரியும்படி எடுத்த போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். ஃபோர்க் அதனுடையதா, புல்லட்டிலிருந்து வந்ததா என்பதைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.